'இதோ நான்' என்று சொல்லும் பெட்டி

ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்து மூன்றே நாள் ஆகியிருந்தது. 1939 செப்டம்பர் 6 காலை, லண்டனுக்குக் கிழக்கே எதிரி விமானங்கள் வருகின்றன என்று ஒரு பொய்த் தகவல் கிளம்பியது. எதிர்கொள்வதற்காக ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. அன்றைய ரேடாருக்குத் தனக்கு முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எழுந்த ஹரிக்கேன்களே திரையில் எதிரிகளாகத் தெரிந்தன. அவற்றை அடிக்க ஸ்பிட்ஃபயர்கள் அனுப்பப்பட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் விழுந்தன, ஒரு விமானி இறந்துபோனார். பின்னாளில் அத்தனை புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் சுட்டு வீழ்த்தியது சொந்த நாட்டு விமானத்தை. எதிரியே வராத இந்தச் சண்டைக்கு 'பார்க்கிங் கிரீக் சண்டை' என்று பெயர்.

வானத்தில் போகும் ஒன்று 'இதோ நான், உங்கள் ஆள்' என்று சொல்லத் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலை காட்டிவிட்டது. அதைச் சொல்வதற்கான பெட்டியின் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. இப்போது அவசரம் கூடியது. ரேடார் அலை வந்து விமானத்தில் மோதும்போது, உள்ளே இருக்கும் பெட்டி அதைப் பிடித்து, பலப்படுத்தித் திருப்பி அனுப்பும். திரையில் அந்த விமானத்தின் புள்ளி விட்டுவிட்டுப் பெருக்கும். பெருத்தால் நம் விமானம், பெருக்காவிட்டால் எதிரி. இவ்வளவுதான் முதல் பெட்டியின் அறிவு.

ஒவ்வொரு வகை ரேடாரும் ஒவ்வொரு அலைவரிசையில் இயங்கத் தொடங்கியதும் இந்த எளிய ஏற்பாடு திணறியது. எல்லா ரேடாருக்கும் பதில் சொல்வதைவிட, கேள்விக்கும் பதிலுக்கும் தனி அலைவரிசை வைத்துக்கொள்ளலாம் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எஃப்.சி. வில்லியம்ஸ். இவர்தான் பிறகு 1948-ல் மான்செஸ்டரில், நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து இயங்கிய முதல் கணினியை டாம் கில்பர்னோடு சேர்ந்து உருவாக்கியவர். போர்க்காலத்தில் பெட்டிக்குக் கிளி என்று பொருள்படும் 'பேரட்' என்ற குறிப்புப் பெயர் இருந்தது. இன்றும் கட்டுப்பாட்டாளர்கள் ஒரு விமானியிடம் எண்ணைக் கொடுத்து 'ஸ்குவாக்' செய்யச் சொல்வது அந்தக் கிளியின் கத்தல்தான். பெட்டி எதிரி கையில் சிக்கக் கூடாது என்பதற்காக உள்ளே சிறு வெடிமருந்தும் வைத்திருந்தார்கள்.

இந்தப் பெட்டியின் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல் அப்போதே தலைகாட்டிவிட்டது. அது மின்னணுச் சிக்கல் அல்ல, சுவிட்சின் சிக்கல். ஜெர்மனி மேல் குண்டு போடப் போன பிரிட்டிஷ் விமானிகள் பலர், பெட்டியை இயக்கி வைத்தால் ஜெர்மன் தேடுவிளக்குகள் குழம்பிப்போகும் என்று நம்பினார்கள். எந்த ஆதாரமும் இல்லாத நம்பிக்கை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவில் பறப்பவர்களுக்கு ஒரு தாயத்து தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஜெர்மானியர்களோ அந்தப் பெட்டிகளைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி, குண்டுவீச்சு விமானங்கள் எங்கே வருகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். அறிவியல் உளவுத் துறையின் ஆர்.வி. ஜோன்ஸ் அணைத்து வையுங்கள் என்று நெடுநாள் மன்றாட வேண்டியிருந்தது. அணைக்க வேண்டிய இடத்தில் இயக்கி வைத்ததால் போன உயிர்கள் அவை. இயக்க வேண்டிய இடத்தில் அணைத்து வைத்த கதை பின்னால் வருகிறது.

போர் முடிந்ததும் பெட்டி சீருடையைக் கழற்றியது. பயணிகள் விமானங்களில் ஏறி, டிரான்ஸ்பாண்டர் என்ற பெயரில் குடியமர்ந்தது. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகும், விமானத்திலிருந்து 1090-ல் பதில் வரும். இந்த இரண்டு எண்களும் இன்றுவரை மாறவில்லை. பதிலில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே என்பதால் மொத்தம் 4,096 எண்கள். 7700 என்றால் அவசரம், 7600 என்றால் வானொலி பழுது, 7500 என்றால் கடத்தல்.

சமாதான காலத்தில் அதற்கு மதிப்பு வந்ததும் ஒரு விபத்தால்தான். 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யன் மேல், ஏறத்தாழ 21,000 அடியில், டி.டபிள்யூ.ஏ.வின் சூப்பர் கான்ஸ்டலேஷனும் யுனைடெட்டின் டிசி-7-ம் மோதின. இருந்த 128 பேரும் இறந்தார்கள். அவை பறந்தது எவர் கட்டுப்பாட்டிலும் இல்லாத வான்வெளி. அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கண்ணால் பார், விலகிப் போ. இரண்டு ஆண்டில் அமெரிக்காவின் வான் போக்குவரத்து நிர்வாகம் எஃப்.ஏ.ஏ. பிறந்தது, ரேடார்கள் பெருகின. காலப்போக்கில் பெட்டி தன் எண்ணோடு உயரத்தையும் நூறு அடிக் கணக்கில் சொல்லக் கற்றுக்கொண்டது. அதற்கு 'மோட் சி' என்று பெயர்.

உயரம் சொல்லாத பெட்டியால் என்ன பயன் என்பதை 1986 ஆகஸ்ட் 31 விளக்கியது. லாஸ் ஏஞ்சலீஸுக்கு அருகே செரிட்டோஸ் என்ற குடியிருப்புப் பகுதியின் மேல், தரையிறங்க வந்த ஏரோமெக்ஸிகோ டிசி-9 மீது ஒரு சின்ன பைப்பர் ஆர்ச்சர் மோதியது. பைப்பரில் ஒரு குடும்பத்தின் மூவர். அவர்கள் அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் வழி தவறி நுழைந்திருந்தார்கள். டிசி-9-ல் 64 பேர், கீழே வீடுகளில் 15 பேர். மொத்தம் 82 உயிர்கள். பைப்பரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, ஆனால் அது உயரத்தைச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பெரிய பயணிகள் விமானங்களில் 'டிகாஸ்' என்ற மோதல் தடுப்புக் கருவி வேண்டும், அதைத் தொடர்ந்து எஃப்.ஏ.ஏ. எழுதிய விதிப்படி, பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல்மைலுக்குள் வரும் சின்ன விமானங்களின் பெட்டி உயரத்தைச் சொல்லியாக வேண்டும்.

டிகாஸ் செய்வது இதுதான்: தரையில் உள்ள ரேடாருக்காகக் காத்திராமல், விமானமே சுற்றியுள்ள பெட்டிகளைக் கேள்வி கேட்கும். பதில் வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தையும், நெருங்கும் வேகத்தையும் கணக்கிடும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்பதைவிட, மோத இன்னும் எத்தனை நொடி என்பதே முக்கியம் என்ற யோசனை 1950-களிலேயே பெண்டிக்ஸ் நிறுவனத்தின் மோரல் என்பவர் சொன்னது. ஆபத்து நெருங்கினால் ஒரு விமானத்தை மேலே ஏறு என்றும், மற்றதை இறங்கு என்றும் கருவியே குரல் கொடுக்கும். அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை.

ஆனால் இதில் ஒரு வர்க்க பேதம் இருக்கிறது. கேள்வி கேட்கும் கருவி விலை உயர்ந்தது, பெரிய விமானத்தில்தான் இருக்கும். பதில் சொல்லும் பெட்டி மட்டும் சின்ன விமானத்தில். சின்னவர் தன் காசில் வாங்கி வைத்த பெட்டி பெரியவரைக் காப்பாற்றியது. சின்னவருக்கு அதனால் எதுவும் தெரியாது. இரண்டு சின்ன விமானங்கள் ஒன்றை ஒன்று நெருங்கினால் இரண்டு பெட்டிகளும் இருக்கும், கேட்பதற்கு மட்டும் ஆள் இருக்காது.

கேட்க ஆள் இல்லாவிட்டால் பெட்டி வீண் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கொடிய சாட்சி இருக்கிறது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி மேல் சவூதியா போயிங் 747-ம் கஜகஸ்தானின் இல்யூஷின் 76-ம் மோதி 349 பேர் இறந்தார்கள். உலகின் மிகப் பெரிய நடுவான் மோதல் இன்றுவரை இதுதான். கஜக் விமானம் தனக்குத் தரப்பட்ட 15,000 அடியை விட்டுக் கீழே இறங்கியது. அதைக் கண்டுபிடிக்கும் இரண்டாம் நிலை ரேடார் டெல்லியில் அன்று வேலைக்கு வரவில்லை. இருந்த ரேடார் புள்ளியைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. அதன்பிறகே இந்தியா டிகாஸைக் கட்டாயமாக்கியது.

சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, உலகம் அவ்வளவாகக் கவனிக்காத இன்னொரு மோதல் நடந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் க்வின்ஸி என்ற சிறு நகரத்தின் விமானத் தளம். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளம். இங்கே சற்று நின்று, அப்படிப்பட்ட தளம் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமானத் தளங்கள் சுமார் 5,000. அவற்றில் கோபுரம் உள்ளவை ஏறத்தாழ 500 மட்டும். மீதி எல்லாவற்றிலும் 'இறங்கு', 'காத்திரு' என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதற்காகச் சட்டமில்லாத காடு என்று நினைக்க வேண்டாம். ஓடுபாதையைச் சுற்றி ஒரு செவ்வகம் உண்டு, பெரும்பாலும் இடப்பக்கமாகத் திரும்பும் செவ்வகம், தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் பக்கம் டவுன்விண்ட், குறுக்கே திரும்பினால் பேஸ், ஓடுபாதையை நோக்கி நேரே திரும்பினால் ஃபைனல். எல்லோரும் ஒரே பொது அலைவரிசையில் பேசுவார்கள். பத்து மைல் தொலைவிலேயே ஊர்ப் பெயரைச் சொல்லி, தன் விமானத்தைச் சொல்லி, இருக்கும் இடத்தைச் சொல்லி, செய்யப்போவதைச் சொல்லி, கடைசியில் மறுபடி ஊர்ப் பெயரைச் சொல்லி முடிக்க வேண்டும். ஒரே அலைவரிசையைப் பல ஊர்கள் பங்கிட்டுக்கொள்வதால் இரண்டு தடவை ஊர்ப் பெயர். '122.8' என்ற எண்ணில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காது வைத்தால் நாலைந்து ஊர்களின் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழும். 'அந்தப் பக்கம் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்கும் பழக்கம் சில விமானிகளிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள் என்று எஃப்.ஏ.ஏ.வின் கையேடு சொல்கிறது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. உன் இடத்தை நீ சொன்னால் போதும், ஊரையே பேச வைக்காதே. இதைவிட வேடிக்கை, இந்தத் தளங்கள் பலவற்றில் விமானத்தில் வானொலி இருக்க வேண்டும் என்றே சட்டம் கிடையாது. மின்சார அமைப்பே இல்லாத 1940-களின் பைப்பர் கப் விமானங்கள் இன்னும் பறக்கின்றன.

க்வின்ஸியில் அன்று மாலை பயணிகளோடு ஒரு பீச் 1900 இறங்க வந்துகொண்டிருந்தது. அதன் ஓடுபாதையைக் குறுக்காக வெட்டும் இன்னொரு ஓடுபாதையின் முனையில் ஒரு கிங் ஏர் புறப்படத் தயாராக நின்றது. அதன் பின்னால் ஒரு சின்ன செரோக்கி. பீச் விமானி கேட்டார்: ஓடுபாதை நாலில் நிற்பவர் நிற்கப் போகிறாரா, கிளம்பப் போகிறாரா? கிங் ஏர் பதில் சொல்லவில்லை. செரோக்கி விமானி தான் காத்திருப்பதாகச் சொன்னார். அவர் பேச்சில் 'கிங் ஏர்' என்ற சொல்லும் இருந்தது. அதே கணத்தில் பீச்சின் தரை எச்சரிக்கைக் கருவி 'இருநூறு' என்று உயரத்தைக் கத்தி, அந்தப் பேச்சின் ஒரு பகுதியை மறைத்தது. கிங் ஏர்தான் நிற்பதாகச் சொல்கிறது என்று பீச் விமானிகள் எடுத்துக்கொண்டு நன்றியும் சொன்னார்கள். கிங் ஏர் ஓடத் தொடங்கியது. இரண்டு விமானங்களும் ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் மோதின. பீச்சில் 12 பேர், கிங் ஏரில் 2 பேர். மோதலில் பிழைத்தவர்கள்கூடக் கதவைத் திறக்க முடியாமல் நெருப்பிலும் புகையிலும் இறந்தார்கள். ஆகாயத்தில் நடந்த மோதல் அல்ல இது, தரையில் நடந்தது. ஆனாலும் கோபுரமில்லாத தளத்தின் பலவீனம் முழுவதும் இதில் இருக்கிறது. யார் பேசினார் என்பது குரலை மட்டும் வைத்துத் தெரியாது.

பெட்டிக்கு அது தெரியும். 1970-களில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் உருவான 'மோட் எஸ்' வடிவத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத தனி முகவரி தரப்பட்டது. மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். ஜி.பி.எஸ். வந்ததும் அடுத்த தாவல். கேட்டால்தான் பதில் சொல்வேன் என்ற பழைய பழக்கத்தைப் பெட்டி கைவிட்டது. யாரும் கேட்காமலே, நொடிக்கு ஒன்றிரண்டு தடவை, 'நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்த உயரம், இந்த வேகம்' என்று தானே அறிவிக்கத் தொடங்கியது. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். கேள்வி கேட்கும் விலையுயர்ந்த கருவி இனி வேண்டாம், காது இருந்தால் போதும். கோபுரமில்லாத ஊர்த் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை யோசிக்க முடியாது.

அது முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட இடமும் அப்படிப்பட்டதுதான். அலாஸ்காவின் யூக்கான்-கஸ்கோக்விம் கழிமுகம். ஊருக்கும் ஊருக்கும் சாலை கிடையாது. பள்ளிப் பிள்ளை, தபால், பால் பவுடர், பிரசவ வலி எல்லாம் சின்ன விமானத்தில்தான் போக வேண்டும். ரேடார் அலை தாழப் பறப்பவர்களை எட்டாது. 1999-ல் பெத்தல் என்ற ஊரை மையமாக வைத்து 'கேப்ஸ்டோன்' என்ற திட்டத்தை எஃப்.ஏ.ஏ. தொடங்கி, அங்கு தொழில் செய்யும் விமானங்களில் அரசுச் செலவில் பெட்டியும் திரையும் பொருத்தியது. மற்ற விமானங்கள் திரையில் தெரிந்தன. மலையும் தெரிந்தது. நெருங்கினால் எச்சரிக்கையும் வந்தது. பொருத்திய விமானங்களின் விபத்து விகிதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அந்த வெற்றியைக் காட்டித்தான் நாடு முழுவதற்குமான விதி எழுதப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல், அமெரிக்காவின் நெரிசலான வான்வெளிகளில் பறக்கும் எந்த விமானமும் ஏடிஎஸ்-பி செய்தி ஒலிபரப்பியாக வேண்டும்.

விதியை ஊன்றிப் படித்தால் ஓர் ஓட்டை தெரியும். ஒலிபரப்பத்தான் வேண்டும், கேட்க வேண்டியதில்லை. சொல்லும் வாய் கட்டாயம், காது அவரவர் விருப்பம். கோபுரமில்லாத தளங்களில் பெரும்பாலானவை அந்த நெரிசலான வான்வெளிக்கு வெளியே இருப்பதால் அங்கே வாயும் கட்டாயமில்லை.

இந்த ஓட்டையின் விலை, கொடுமையாக, அலாஸ்காவிலேயே கொடுக்கப்பட்டது. 2019 மே 13. கெட்சிக்கான் துறைமுகத்தில் நின்ற உல்லாசக் கப்பலின் பயணிகள் மிஸ்டி ஃபியோர்ட்ஸ் பகுதியைச் சுற்றிப் பார்க்க மிதவை விமானங்களில் போனார்கள். திரும்பும் வழியில் ஜார்ஜ் இன்லெட் அருகே, சுமார் 3,350 அடியில், ஆட்டர் வகை விமானம் ஒன்றும் பீவர் வகை விமானம் ஒன்றும் மோதின. நல்ல பகல் வெளிச்சம். பீவரில் இருந்த ஐவரும், ஆட்டரில் ஒருவரும் இறந்தார்கள். ஆட்டரின் மற்றப் பத்துப் பேர் தண்ணீரில் விழுந்து பிழைத்தார்கள்.

இரண்டு விமானங்களிலும் ஏடிஎஸ்-பி இருந்தது! விசாரணை செய்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்.டி.எஸ்.பி. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தபோது வெளியே வந்தது இது. ஆட்டரில் கேப்ஸ்டோன் காலத்துக் கருவி இருந்தபோது, வேறு விமானம் நெருங்கினால் அது ஒலி எழுப்பும், திரையில் எச்சரிக்கும். 2015-ல் புதிய விதிக்கு ஏற்றபடி கருவி மாற்றப்பட்டது. புதிய கருவி திரையில் விமானங்களைக் காட்டியது, எச்சரிக்கை மட்டும் காணாமல் போயிருந்தது. ஆட்டர் விமானி மோதலுக்குச் சில நிமிடங்களுக்கு முன் திரையைப் பார்த்திருக்கிறார். பிறகு பயணிகளுக்கு அருவியைக் காட்டவும், வெளியே பார்க்கவும், பறக்கவும் வேண்டியிருந்தது. அதுதான் அவர் வேலை. பீவரில் ஒரு டேப்லெட் செயலி அண்டை விமானங்களைக் காட்டியது. அது எச்சரிக்க வேண்டுமானால் எதிரே வருபவரின் உயரம் தெரிய வேண்டும். ஆட்டரின் பெட்டி உயரத்தை அனுப்பவில்லை. காரணம், அதற்கான கட்டுப்பாட்டுக் குமிழ் அணைந்த நிலையில் இருந்தது. புறப்படுமுன் அதைப் பார்க்க வேண்டும் என்று நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. செரிட்டோஸில் உயரம் சொல்லத் தெரியாத பெட்டி. முப்பத்து மூன்று ஆண்டு கழித்து இங்கே, உயரம் சொல்லத் தெரிந்தும் வாய் அடைக்கப்பட்ட பெட்டி.

கண் என்ன செய்தது என்று கேட்கலாம். என்.டி.எஸ்.பி. அதையும் கணக்கிட்டுப் பார்த்தது. விமானத்தின் சட்டமும், இறக்கையும், பக்கத்து இருக்கைக்காரரும் மறைத்த இடத்திலேயே எதிர் விமானம் இருந்திருக்கிறது. மோதும் பாதையில் வரும் விமானத்துக்கு இன்னொரு குணம் உண்டு, அது கண்ணாடியில் நகராது. நகரும் பொருளைத்தான் கண் சட்டென்று பிடிக்கும். நகராத புள்ளி கடைசிவரை புள்ளியாகவே இருந்து, கடைசி சில நொடியில் ஊதிப் பெருக்கும். பார்த்தது முதல் விமானம் திரும்புவது வரை 12.5 நொடி ஆகும் என்று எஃப்.ஏ.ஏ.வின் அறிவுரைச் சுற்றறிக்கை கணக்கு வைத்திருக்கிறது. எதிரெதிரே 100 நாட் வேகத்தில் வரும் இரண்டு சின்ன செஸ்னா விமானங்களை எடுத்துக்கொள்வோம். 12.5 நொடியில் அவை சேர்ந்து கடக்கும் தூரம் சுமார் 1.3 கிலோமீட்டர். அந்தத் தொலைவில் 11 மீட்டர் இறக்கை, வானத்து நிலவின் அகலத்துக்குத் தெரியும். அதுவும் நிலவு மாதிரி உருண்டையாக இல்லை, ஒரு மெல்லிய கோடாக. 'கண்ணால் பார்த்து விலகு' என்பதன் இயல்பான குறைபாட்டையே என்.டி.எஸ்.பி. இந்த விபத்தின் முதல் காரணமாக எழுதியது, இரண்டு விமானங்களிலும் எச்சரிக்கை வராததை அதோடு சேர்த்து.

அந்த எச்சரிக்கையை மலிவாகத் தருவதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. ஏடிஎஸ்-பி செய்திகளுக்குப் பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ராஸ்ப்பெரி பை என்ற கையகலக் கணினியில் இரண்டு ஆன்டெனா செருகி, 'ஸ்டிராட்டக்ஸ்' என்ற பெயரில் பொழுதுபோக்காளர்களே ஒரு காதைச் செய்தார்கள். இரண்டு ஆன்டெனா ஏன் என்றால், அமெரிக்கா 1090, 978 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளை அனுமதித்திருக்கிறது. ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்காது. மேலே பறந்தால் தரை நிலையங்கள் இரண்டுக்கும் இடையே மொழிபெயர்த்து அனுப்பும். கிராமத்துத் தளத்தில் தாழப் பறக்கும்போது தரை நிலையம் எட்டாமல் போகலாம். இரண்டு ஆன்டெனா இருந்தால் அந்தக் கவலை இல்லை. சுவிட்சர்லாந்துக்காரர்கள் 2004-ல் வேறொரு வழியில் போய், மலைச் சரிவில் கூட்டமாகச் சுழலும் கிளைடர்களுக்காக 'ஃப்ளார்ம்' என்ற பெட்டியை உருவாக்கினார்கள். வட்டமடிக்கும் பாதையையும் முன்கூட்டிக் கணித்து, உண்மையில் மோதல் வரும் என்றால் மட்டும் கத்துவது அதன் சாமர்த்தியம்.

பெட்டியும் வானொலியும் இருந்தாலும் விமானியின் பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாட்சன்வில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2022 ஆகஸ்ட் 18 அன்று, கோபுரமில்லாத அந்தத் தளத்தில் ஒரு செஸ்னா 152 செவ்வகத்தில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று பத்து மைலிலிருந்து நேரே ஃபைனலுக்கு வந்தது, சுமார் 180 நாட் வேகத்தில். இருவரும் பேசினார்கள், இருவரும் கேட்டார்கள். சின்ன விமானத்தின் விமானி, நீங்கள் மிக வேகமாக என்னை நோக்கி வருகிறீர்கள், நான் இறங்காமல் மேலேறுகிறேன் என்று சொன்ன சில நொடிகளில் மோதல். மூன்று பேர் இறந்தார்கள். நேரே வந்து இறங்குவது சட்டப்படி குற்றமல்ல. ஆனால் மற்றவர்கள் செவ்வகத்தில் இருக்கும்போது இரண்டு மடங்கு வேகத்தில் பின்னாலிருந்து நுழைவது, என் பார்வையில், வானொலியில் எத்தனை முறை அறிவித்தாலும் சரியாகிவிடாது.

பெட்டியைப் பெற்றெடுத்த இராணுவமோ, அதன் ஒலிபரப்பை அணைத்து வைக்கும் உரிமையை 2025-லும் விட்டிருக்கவில்லை. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில், ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானத்தின் மீது இராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மோதி 67 பேர் இறந்தார்கள். அது கோபுரமும் ரேடாரும் உள்ள இடம். ஹெலிகாப்டரின் பழைய டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பு இல்லை. பயணிகள் விமானத்தின் டிகாஸ் கவனம் என்று மட்டும் சொன்னது. தரைக்கு மிக அருகில் 'ஏறு', 'இறங்கு' என்ற கட்டளைகளைத் தராதபடியே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தரைக்கு அருகில் என்றால், சின்ன விமானங்கள் தினமும் செவ்வகம் சுற்றும் அதே உயரம்.

கெட்சிக்கானுக்குப் பிறகு என்.டி.எஸ்.பி. கேட்டது பெரிய விஷயமல்ல. சுற்றுலா விமானங்கள் நிறையப் பறக்கும் இடங்களில் ஒலிபரப்பும் வேண்டும், கேட்பதும் வேண்டும், நெருங்கினால் கண்ணுக்கும் காதுக்கும் எச்சரிக்கை வர வேண்டும். விதியெழுதுபவர்கள் இதற்குத் தயங்கச் சொல்லும் காரணம் செலவு. இதே செலவை வேறு நாடுகள் வேறு விதமாகப் பார்த்தன. பிரிட்டன் 2020-ல், கையில் எடுத்துப் போகும் மின்னணு அடையாளக் கருவி வாங்கும் விமானிகளுக்குப் பாதி விலையை, 250 பவுண்டு வரை, திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 2020 பிப்ரவரியில் விக்டோரியா மாநிலத்தின் மங்களூர் என்ற ஊருக்கு அருகே, நம் மங்களூர் அல்ல, பயிற்சியில் இருந்த இரண்டு விமானங்கள் மோதி நால்வர் இறந்தார்கள். 2022-ல் அந்த நாட்டு அரசும் ஏடிஎஸ்-பி பொருத்துபவர்களுக்குப் பாதிச் செலவை, 5,000 ஆஸ்திரேலிய டாலர் வரை, தர முன்வந்தது. சட்டத்தால் வாயை மட்டும் கட்டாயமாக்கியதைவிட, காசு கொடுத்துக் காதையும் பொருத்தச் சொன்ன இந்த வழிதான் சரியானது. அமெரிக்காவின் 2020 விதியில் காதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.